சைகையும் தொகுதியும்: குளத்து நீர்மட்ட அளவியை வைத்து வகைப்படுத்தல், பிழை பார்த்துச் சொல்லுங்கோ

#1 குளக்கட்டு

சைகைகளையும் (நேரத்தோட மாறுற அளவுகள்) தொகுதிகளையும் (உள்ளீட்டை வாங்கி வெளியீடு தாறவை) வகைப்படுத்துற பாடத்துக்கு ஒரு குறிப்பு தயாராகுது. உயர்தரத்தில பொறியியற் தொழினுட்பம் படிக்கிற பிள்ளைகளுக்கும், கிளிநொச்சி அறிவியல்நகர் பொறியியற் பீடத்துக்குப் போய் முதல் வருசமே எல்லாத்தையும் ஆங்கிலத்தில கேட்டு முழிக்கிற ஆக்களுக்கும் பொதுவானது. புத்தகத்துக் கோசைன் உதாரணம் எல்லாருக்கும் பாடம். கையில ஒரு சாமானைத் தந்து இது என்ன வகை எண்டு கேட்டால்தான் வாய் திறக்கிறேல்லை. அதால குறிப்பு முழுக்க ஒரே சாமான்: சின்னக் குளம் ஒன்றின் நீர்மட்ட அளவி.

அமைப்பு இதுதான். குளத்து அடியில அமுக்கச் சென்சர், 0 முதல் 10 மீற்றர், வெளியீடு 4–20 மில்லிஅம்பியர். துருசடியில (குளத்துத் தண்ணியைத் திறந்துவிடுற மதகடியில) 250 ஓம் தடையி, ஆகவே 1 முதல் 5 வோல்ட். பிறகு அர்டுயினோ ஊனோ (வோல்ட்டை எண்ணாக்கிற சின்னக் கணினிப் பலகை), 10 பிட், செக்கனுக்கு ஒரு வாசிப்பு. ஒப்பிட்டுப் பார்க்க மேலே இருந்து எதிரொலியால தண்ணியின் தூரத்தைப் பார்க்கிற அல்ட்ராசொனிக் சென்சர் ஒன்றும் இருக்கு.

நான் போட்ட வகைகள்: நீர்மட்டம் தொடர்நேரச் சைகை, எழுமாறானது (முன்கூட்டிச் சரியாய்ச் சொல்ல ஏலாதது). அர்டுயினோ தாற எண்கள் பின்னகநேரச் சைகை (இடைவெளி விட்டு எடுத்த நேரங்களில மட்டும் பெறுமானம் உள்ளது). 50 ஹேர்ட்ஸ் மின் ஆவர்த்தனமானது, வலுச் சைகை (சராசரி வலு முடிவுள்ளது). மின்னல் அடிக்கேக்க கம்பியில வாற துடிப்பு சக்திச் சைகை (மொத்தச் சக்தி முடிவுள்ளது). சென்சர் ஏகபரிமாணத் தொகுதி (உள்ளீடுகளைக் கூட்டினால் வெளியீடுகளும் கூடும், மடங்காக்கினால் மடங்காகும்), ஞாபகமில்லாதது, நேரம் மாறாதது. குளம் (உள்வரத்து உள்ளீடு, மட்டம் வெளியீடு) ஏகபரிமாணம், ஞாபகமுள்ளது, உறுதியானது. வாய்க்கால் (துருசில விடுற தண்ணி உள்ளீடு, வால்பக்கம் வந்துசேருறது வெளியீடு) நேரத்தோட மாறுவது.

இந்தியப் புத்தகம் பார்க்கிற ஆக்கள் கவனம்: அங்க ஆற்றல் எண்டால் எங்கட சக்தி, திறன் எண்டால் எங்கட வலு, அதிர்வெண் எண்டால் மீடிறன். இதைக் குழப்பினால் சக்திச் சைகை, வலுச் சைகை இரண்டும் தலைகீழாகும்.

#2 கறண்ட்கம்பி

சென்சரில இருந்தே தொடங்குவம். 4–20 மில்லிஅம்பியர் சென்சர் ஏகபரிமாணத் தொகுதி இல்லை.

உங்கட சென்சரின் சமன்பாடு: மின்னோட்டம் = 4 + 1.6 × ஆழம். ஆழம் 2 மீற்றர் எண்டால் 7.2 மில்லிஅம்பியர். 4 மீற்றர் எண்டால் 10.4. மேற்பொருத்துகை (அந்தக் கூட்டல் விதி) பொருந்தியிருந்தால் 2 மீற்றரும் 2 மீற்றரும் கூட்ட 14.4 வந்திருக்கோணும். வரேல்லை. கூடின 4, இரண்டு தரம் எண்ணுப்பட்ட அந்த 4தான்.

#3 முதல்வருசம்

அண்ணை, வரைபு நேர்கோடுதானே? நேர்கோடு எண்டால் ஏகபரிமாணம் எண்டுதானே பள்ளிக்கூடத்தில படிச்சது.

#4 கறண்ட்கம்பி

ஒரே சொல்லை இரண்டு இடத்தில பாவிக்கிறதால வாற கரைச்சல் தம்பி. ஏகபரிமாணச் சமன்பாட்டுக்கு வரைபு நேர்கோடாய் இருந்தால் காணும். ஏகபரிமாணத் தொகுதிக்கு அந்தக் கோடு உற்பத்தியையும் (0, 0 புள்ளியை) தொட வேணும். விரைவுச் சோதனை: உள்ளீடு பூச்சியம் எண்டால் வெளியீடும் பூச்சியமா? இல்லையெண்டால் அதோட முடிஞ்சுது, மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை. ஆனா பூச்சியம் வந்தால் மட்டும் ஏகபரிமாணம் எண்டு முடிவு கட்டக் கூடாது. வர்க்கமாக்கிற தொகுதியும் பூச்சியத்துக்குப் பூச்சியம்தான் தரும்.

4 இல் தொடங்குறதுக்குக் காரணம் இருக்கு. குளம் வத்தி ஆழம் பூச்சியமானாலும் 4 மில்லிஅம்பியர் ஓடும். எலி வயரைக் கடிச்சால் 0. இரண்டையும் பிரிச்சறியலாம். நிரலில 3.6 இற்குக் கீழ போனால் பிழை எண்டு எழுதுங்கோ, "குளம் வெறுமை" எண்டு எழுதாதேங்கோ. 4 ஐக் கழிச்ச பிறகு வாற எண்ணை வெளியீடு எண்டு எடுத்தால் தொகுதி ஏகபரிமாணம். குறிப்பில கழிக்க முந்தி, கழிச்ச பிறகு எண்டு இரண்டையும் போடுங்கோ.

இன்னொன்று, 10 மீற்றர் சென்சரைக் கொண்டுபோய் இரணைமடுக் குளத்தில இறக்கிப்போடாதேங்கோ. அங்க முழு மட்டம் 36 அடி, கிட்டத்தட்ட 11 மீற்றர். உச்சியில 20 மில்லிஅம்பியரோட முட்டி நிக்கும், அதுவும் ஏகபரிமாணத்தைக் கெடுக்கும்.

#5 பாலைமரம்

குளத்துக்குப் போட்ட மூன்று சொல்லில "ஞாபகமுள்ளது" மட்டும் தப்பும்.

உறுதியை எடுப்பம். குளம் ஒரு தொகையீட்டுத் தொகுதி, வந்த தண்ணியை எல்லாம் கூட்டி வைச்சிருக்கும். செக்கனுக்கு 1 கன மீற்றர் விடாமல் வந்தால் ஒரு நாளில 86,400 கன மீற்றர், ஏறத்தாழ 70 ஏக்கர் அடி. பழைய கணக்கில 1 கியூசெக் (செக்கனுக்கு ஒரு கன அடி) ஒரு நாள் ஓடினால் ஏறத்தாழ 2 ஏக்கர் அடி. உள்ளீடு எல்லைக்குள்ளதான் நிக்குது, வெளியீடு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகுது. எல்லைப்பட்ட உள்ளீட்டுக்கு எல்லைப்பட்ட வெளியீடு எண்ட வரைவிலக்கணத்தின்படி இது உறுதியில்லாத் தொகுதி.

உண்மையான குளம் அப்பிடி ஏறாது, வான் (மிகைநீர் வழி) பாயும் எண்டு சொல்லுவீங்கள். சரி, வான் பாய்ஞ்சால் உறுதி வந்துவிடும், ஆனா ஏகபரிமாணம் போயிடும். வான்மட்டத்துக்கு மேல இரட்டிப்புத் தண்ணி வந்தாலும் மட்டம் இரட்டிக்காது. இரண்டையும் ஒரே வரியில எழுத ஏலாது.

வான் பாயாட்டிலும் உள்வரத்துக்கும் மட்டத்துக்கும் இடையில ஏகபரிமாணம் கிடையாது. குளம் சட்டி மாதிரி, மேல போகப் போக அகலும். அடியில ஒரு அடி ஏற வேணும் எண்டால் கொஞ்சத் தண்ணி, மேல ஒரு அடி ஏற வேணும் எண்டால் பல மடங்கு. உள்வரத்துக்கும் கொள்ளளவுக்கும் இடையில எண்டால் ஏகபரிமாணம் எண்டு சொல்லலாம், அதுவும் தொடக்கத்தில குளம் வெறுமையாய் இருந்தால்தான். 20 அடித் தண்ணியோட தொடங்கினால் உள்ளீடு பூச்சியமாய் இருக்க வெளியீடு 20 அடிக்குரியது. கறண்ட்கம்பி சொன்ன பூச்சியச் சோதனையில விழும்.

#6 துருசுக்கதவு

துருசையும் சேருங்கோ. கதவு ஒரே அளவு திறந்திருக்க வெளிப்பாய்ச்சல் நீர்த்தலையின் (துருசுக்கு மேல நிக்கிற தண்ணியின் உயரம்) வர்க்கமூலத்துக்கு விகிதசமன். தலை 4 மீற்றரில இருந்து 2 க்கு இறங்கினால் பாய்ச்சல் பாதியாகாது, 0.71 மடங்கு. பாதியாக வேணும் எண்டால் தலை 1 மீற்றருக்கு இறங்கோணும். ஞாபகமில்லாத, ஏகபரிமாணமில்லாத தொகுதிக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடத் தேவையில்லை. 4 மீற்றரைச் சுத்தி ஐஞ்சு பத்து சென்ரிமீற்றர் ஏறி இறங்குற அளவில மட்டும் வேலை எண்டால் அந்த இடத்துத் தொடலிக் கோட்டை எடுத்து ஏகபரிமாணமாய்ப் பாவிக்கலாம்.

#7 மீடிறன்50

நான் சைகைப் பக்கம் வாறன். "அர்டுயினோ தாற எண்கள் பின்னகநேரச் சைகை" எண்டது பாதி உண்மை. நேரத்தை வெட்டுறது ஒன்று, வீச்சத்தைப் படியாக்கிறது இன்னொன்று. செக்கனுக்கொரு தரம் வோல்ட்டைப் பிடிச்சு வைச்ச உடன அது பின்னகநேரம், ஆனா வீச்சம் இன்னும் தொடர்ச்சியானது. 1024 படியில ஒன்றுக்குள்ள தள்ளின பிறகுதான் இலக்கச் சைகை. 5 வோல்ட்டை 1024 ஆல் பிரிச்சால் ஒரு படி 4.88 மில்லிவோல்ட். உங்களுக்குப் பயன்படுற வீச்சு 4 வோல்ட்தான், 819 படி. 10 மீற்றருக்கு 819 எண்டால் ஒரு படி 1.22 சென்ரிமீற்றர். மட்டம் 1 சென்ரிமீற்றர் துள்ளுது எண்டு முறைப்பாடு வந்தால் முதல்ல இதைப் பாருங்கோ, குளத்தில ஒன்றும் நடந்திருக்காது.

இதைவிடப் பெரிய பொறி செக்கனுக்கு ஒரு வாசிப்பு. சென்சர் வயரைப் பம்பு மோட்டரின்ர வயரோட சேர்த்து ஒரே குழாயில இழுத்திருந்தால் 50 ஹேர்ட்ஸ் கட்டாயம் ஒட்டும். சரியாய் 1 செக்கனுக்கொரு தரம் பார்த்தால் ஒவ்வொரு தரமும் அலையின் அதே இடத்திலதான் கண் படும். 50 ஹேர்ட்ஸ் காணாமல் போய் நிலையான ஒரு கூடுதல் வோல்ட்டாய் நிக்கும். மின்வலையின் மீடிறன் 49.98 க்கு இறங்கினால் அதே இரைச்சல் 50 செக்கனுக்கு ஒருதரம் ஏறி இறங்குற மெதுவான அலையாய்த் தெரியும். பார்த்தால் குளத்தில காத்துக்கு அலை எழும்பின மாதிரியே இருக்கும். ஊனோவின்ர பீங்கான் ஒத்திசைவியின் நேரம் கொஞ்சம் முன்பின்னாய் ஓடுறதால போலி அலையின் வேகம் பலகைக்குப் பலகை வேறுபடும், அது இன்னும் குழப்பும்.

செக்கனுக்கு ஒன்றாய் எண்ணாக்கின பிறகு வடிகட்டி பிரயோசனமில்லை, போலி அலை உள்ளுக்கு வந்திட்டுது. அர்டுயினோவுக்கு முன்னால 10 கிலோஓம் தடையி, 10 மைக்ரோபரட் கொள்ளளவி. நேரமாறிலி 0.1 செக்கன், 50 ஹேர்ட்ஸை ஏறத்தாழ 31 இல் ஒரு பங்காக்கும். அதோட ஒவ்வொரு வாசிப்புக்கும் 20 மில்லிசெக்கன் முழுக்க, அதாவது ஒரு முழுச் சுழற்சி முழுக்க, சம இடைவெளியில 20 தரம் எடுத்துச் சராசரி போடுங்கோ. 15 மில்லிசெக்கன், 25 மில்லிசெக்கன் எண்டு கண்டபாட்டுக்குப் போட்டால் மிச்சச் சுழற்சி தங்கும்.

#8 முதல்வருசம்

பின்னகநேரத்தில ஆவர்த்தனம் பார்க்கிறது எப்பிடி? தொடர்நேரக் கோசைன் எல்லாம் ஆவர்த்தனம். வெட்டின பிறகு சிலது இல்லை எண்டுறாங்கள்.

#9 மீடிறன்50

மாதிரி எண் முழு எண்ணாய் இருக்க வேணும் எண்டதுதான் எல்லாத்துக்கும் காரணம். செக்கனுக்கு 860 தரம் பிடிக்கிற ஏடிஎஸ்1115 சில்லால 50 ஹேர்ட்ஸைப் பிடிச்சால் 50/860 = 5/86. 86 மாதிரிக்குள்ள சரியாய் 5 சுழற்சி, ஆவர்த்தனம் 86. பின்னம் விகிதமுறு எண்ணாய் வந்தால் ஆவர்த்தனம் உண்டு, சுருக்கினாப் பிறகு பகுதியில இருக்கிற எண்தான் விடை. ஒவ்வொரு மாதிரிக்கும் 2 ரேடியன் நகருகிற கோசைனை எடுத்தால் பின்னம் 1/பை, விகிதமுறா எண், ஒருநாளும் திரும்பி அதே இடத்துக்கு வராது.

கூட்டுச் சைகைக்கும் இதே மாதிரி: 50 உம் 60 உம் கூட்டினால் மீடிறன்களின் பொதுக் காரணிகளுள் பெரியது 10 ஹேர்ட்ஸ், ஆவர்த்தன காலம் 0.1 செக்கன்.

மாரிமழையை ஆவர்த்தனம் எண்டு எழுதுற ஆக்களும் இருக்கினம். ஐப்பசியில தொடங்கி ஒவ்வொரு வருசமும் வரும், உண்மை. ஆனா வரைவிலக்கணம் எல்லா நேரத்துக்கும் அதே பெறுமானம் திரும்ப வரவேணும் எண்டு கேக்குது.

#10 கறண்ட்கம்பி

சக்தி, வலுவுக்கு எண் போடுறன், குறிப்புக்கு உதவும். 230 வோல்ட் மின்: உச்சம் 325, சராசரி வர்க்கம் 52,900. முடிவுள்ள வலு, முடிவிலிச் சக்தி, ஆகவே வலுச் சைகை. 5 வோல்ட்டுக்கு ஏத்தின 100 மைக்ரோபரட் கொள்ளளவி 10 கிலோஓமுக்கூடாக இறங்குறது: நேரமாறிலி 1 செக்கன், வர்க்கத்தின் தொகையீடு 25 × 1 ÷ 2 = 12.5. முடிவுள்ளது, சக்திச் சைகை. இந்த 12.5 ஐத் தடை 10,000 ஆல் பிரிச்சால் 1.25 மில்லியூல். கொள்ளளவியில இருந்த சக்தியையும் பாருங்கோ, அரைவாசி × 100 மைக்ரோ × 25, அதே 1.25 மில்லியூல். பிள்ளைகளுக்கு இந்த இரண்டு வழியும் ஒரே விடையில வந்து முட்டுறதைக் காட்டினால் "சக்தி" எண்ட பெயர் ஏன் வந்தது எண்டு கேக்க மாட்டினம். நேரத்தோட நேர்கோட்டில முடிவில்லாமல் ஏறுற சைகை இரண்டிலும் சேராது.

பதிவு செய்து வைச்ச ஒரு மாதத் தரவு எதுவாய் இருந்தாலும் சக்திச் சைகைதான், இரண்டு பக்கமும் முடியுதே. 50 ஹேர்ட்ஸை வலுச் சைகை எண்டுறது அது தொடக்கமும் முடிவும் இல்லாமல் ஓடுது எண்டு எடுத்துக்கொண்டு சொல்லுறது.

#11 துருசுக்கதவு

வாய்க்காலுக்கு "நேரத்தோட மாறுவது" எண்டு போட்டது சரி. சிறுபோகத்துக்கு முதல் தண்ணி விட்டால் வால்பக்கம் போய்ச்சேர நாள் பிடிக்கும், வெடிச்ச நிலம் முழுக்கக் குடிக்கும். மூன்றாம் முறை விட்டால் விறுவிறெண்டு போகும். ஒரே கதவு, ஒரே அளவு, வேற வெளியீடு.

#12 பாலைமரம்

அது ஞாபகம், நேர மாற்றமில்லை. சோதனையைச் சரியாய்ச் செய்யுங்கோ. காய்ஞ்ச வாய்க்காலில சித்திரை முதலாம் திகதி ஒரு தரம் விடுங்கோ. இன்னொரு கணக்கில அதே அளவு காய்ஞ்ச வாய்க்காலில பத்தாம் திகதி விடுங்கோ. இரண்டாவது வெளியீடு முதலாவதை ஒன்பது நாள் தள்ளி வைச்ச மாதிரி இருந்தால் நேரம் மாறாதது. நீங்கள் ஒப்பிட்டது காய்ஞ்ச வாய்க்காலையும் நனைஞ்ச வாய்க்காலையும். நனைஞ்சது ஏன்? முந்தி விட்ட தண்ணியால. முந்தின உள்ளீடு இப்போதைய வெளியீட்டைத் தொடுறதுக்குப் பெயர்தான் ஞாபகம்.

அதோட ஏகபரிமாணமும் இல்லை. முதல் தண்ணிக்கு வந்த வெளியீட்டையும் தனியாய் இரண்டாம் தண்ணிக்கு வந்திருக்கக்கூடியதையும் கூட்டினால் உண்மையில வந்ததைவிடக் குறைவாய்த்தான் இருக்கும். வெடிப்பு ஒருக்காத்தானே நிரம்பும்.

#13 துருசுக்கதவு

நிலத்துக்கு ஒத்துக்கொள்ளுறன். வாய்க்காலுக்குள்ள வளருற புல்லு? படியிற சேறு? ஆவணி வெயிலுக்கு ஆவியாகிறது மார்கழியில ஆவியாகாது. இதில ஒன்றும் துருசால விட்ட தண்ணி செய்த வேலையில்லை.

#14 பாலைமரம்

அது நேர மாற்றம்தான், மறுக்கேல்லை. வெயிலை இரண்டாவது உள்ளீடு எண்டு எடுத்தால் அந்தப் பகுதி திரும்பவும் நேரம் மாறாததாய்ப் போகும். புல்லுக்கு அப்பிடிச் செய்ய ஏலாது, ஆர் எப்ப வெட்டுவினம் எண்டு சமன்பாடு இல்லை.

#15 குளக்கட்டு

அப்ப வாய்க்காலுக்கு: ஞாபகமுள்ளது, ஏகபரிமாணமில்லாதது, புல்லு வெட்டி வெயிலைக் கணக்கெடுத்தால் ஒரு போகத்துக்குள்ள நேரம் மாறாதது எண்டு எடுக்கலாம். குளத்தையும் திருத்தியிட்டன்.

இப்ப அல்ட்ராசொனிக் பக்கம் ஒரு கேள்வி. இரண்டு சென்சரும் பகலில ஒத்துப்போகுதில்லை. அமுக்கச் சென்சர் ஒரு நாளில இரண்டு தரம் 2, 3 சென்ரிமீற்றர் ஏறி இறங்குது. அல்ட்ராசொனிக் மத்தியானம் ஒரு தரம் மட்டும், ஆனா கூட ஏறுது.

#16 மீடிறன்50

ஆவர்த்தன காலத்தை வைச்சே இரண்டு வருத்தத்தையும் பிரிக்கலாம்.

24 மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எண்டால் வெப்பநிலை. ஒலியின் வேகம் 20 பாகையில செக்கனுக்கு 343 மீற்றர், 35 பாகையில 352. நிரலில 343 ஐ நிரந்தரமாய் எழுதியிருப்பீங்கள். சென்சரில இருந்து தண்ணி 4 மீற்றர் தூரம் எண்டால் மத்தியானம் எதிரொலி வெள்ளனத் திரும்பும், தூரம் 10 சென்ரிமீற்றர் குறைவாய்க் கணக்காகும், மட்டம் 10 சென்ரிமீற்றர் கூடத் தெரியும். வெப்பநிலைச் சென்சர் ஒன்றை நிழலில வைச்சு வேகத்தை 331.3 + 0.606 × பாகை எண்டு கணிச்சுப் போடுங்கோ. பாலைமரம் வெயிலுக்குச் சொன்ன அதே வேலை, இரண்டாவது உள்ளீடு. தண்ணி சென்சருக்குக் கிட்ட வந்தாலும் கவனம், ஜேஎஸ்என்-எஸ்ஆர்04ரி வகை 20, 25 சென்ரிமீற்றருக்குள்ள குருடு. வான்மட்டத்துக்கு மேல அந்தளவு இடம் விட்டுப் பூட்டோணும்.

12 மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எண்டால் வளியமுக்கம். எங்கட அகலக்கோட்டில வளியமுக்கம் நாளுக்கு இரண்டு தரம், காலமை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும், உச்சத்துக்கு வரும். 1 ஹெக்ரோபஸ்கால் எண்டால் 1 சென்ரிமீற்றர் தண்ணி. நல்ல அமுக்கச் சென்சரின் வயருக்குள்ள மெல்லிய காற்றுக்குழாய் ஒன்று மேல வரைக்கும் வரும், அதால வளியமுக்கம் தானாய்க் கழிபடும். உங்கடை அடைபட்டிருக்கு. பெட்டிக்குள்ள வயரை முறுக்கி மடிச்சிருக்கா, குழாய் வாயில டேப் சுத்தியிருக்கா, உள்ளுக்கு ஈரம் கட்டியிருக்கா எண்டு பாருங்கோ. ஈரமெண்டால் புது சிலிக்கா ஜெல் பக்கற்றும் வையுங்கோ.

#17 முதல்வருசம்

காரணத் தொகுதி பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே?

#18 பாலைமரம்

வெளியீடு எதிர்கால உள்ளீட்டைக் கேக்குதா எண்டது மட்டும்தான் கேள்வி. பிள்ளைகள் விழுகிற இடம் இரண்டு. வெளியீடு = உள்ளீடு × கோசைன்(நேரம் + 1). நேரம் + 1 ஐக் கண்ட உடன காரணமில்லை எண்டு எழுதுவினம். கோசைன் உள்ளீடில்லை, முதலே தெரிஞ்ச பெருக்கி. உள்ளீடு இப்போதையது, ஆகவே காரணத் தொகுதி. நேரத்தைத் திருப்பிப் போடுறது மற்றது: 5 ஆம் மாதிரியில −5 ஐக் கேக்குது, இறந்தகாலம், சரிபோலத் தெரியும். −5 ஆம் மாதிரியில 5 ஐக் கேக்கும். எதிர்ப் பெறுமானம் ஒன்றையும் போட்டுப் பார்க்காமல் முடிவெழுதக் கூடாது.

குளத்தில இதன் பெறுமதி: 5 வாசிப்பின் நடுச் சராசரிக்கு முன்னால இரண்டு, பின்னால இரண்டு வேணும். பதிஞ்ச தரவுக்குத் தாராளமாய்ப் பாவிக்கலாம். வெள்ள எச்சரிக்கைக்கு நேரலையில ஓட விட்டால் கடைசி ஐந்தைத்தான் எடுக்கலாம், இரண்டு வாசிப்பு பிந்தும். 15 நிமிடத்துக்கு ஒன்று பதிஞ்சால் அது அரை மணித்தியாலம்.

#19 குளக்கட்டு

அல்ட்ராசொனிக்குக்கு முன்னால கொக்கு வந்து நிண்டால் ஒரு வாசிப்பு பாய்ஞ்சுபோகுது. சராசரியோட இடையப் பெறுமான வடிகட்டியையும் (வரிசைப்படுத்தி நடுவில நிக்கிறதை எடுக்கிறது) போட யோசனை. எது முதல்?

#20 மீடிறன்50

இடையம் முதல். ஏகபரிமாண, நேரம் மாறாத வடிகட்டி இரண்டெண்டால் வரிசை மாத்தினாலும் விடை ஒன்று. இடையம் ஏகபரிமாணமில்லை: 0, 0, 6 இன் இடையம் 0; 6, 0, 0 இன் இடையமும் 0; இரண்டையும் கூட்டின 6, 0, 6 இன் இடையம் 6. ஆகவே வரிசை முக்கியம்.

வாசிப்பு 212, 213, 45, 212, 214 எண்டு வைப்பம், 45 கொக்கு. ஐந்தின் இடையம் 212, கொக்கு போயிட்டுது. முதல்ல மூன்று மூன்றாய்ச் சராசரி எடுத்தால் 156.7, 156.7, 157. கொக்கு மூன்று வாசிப்பிலயும் ஏறி உக்காந்திட்டுது, அதுக்குப் பிறகு இடையம் எடுத்தாலும் 156.7 தான் வரும்.

#21 குளக்கட்டு

மட்டம் உண்மையாய்த் திடீரெண்டு ஏறினால் ஐந்து வாசிப்பு இடையம் எவ்வளவு பிந்தும்?

#22 மீடிறன்50

இரண்டு வாசிப்பு. ஐந்தில மூன்று புதுசாய் வந்த உடன ஏறும்.